கையெழுத்துப் போடுவதற்கு முன் பணம் எங்கே என்று கேளுங்கள்

விளையாட்டு ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். சில வருடங்களுக்கு முன், ஐரோப்பாவில் ஒரு சிறிய அணிக்கு ஓட்டிய சைக்கிள் வீராங்கனை ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே விமான டிக்கெட்டுகள், சுங்கச்சாவடி ரசீதுகள், விடுதி பில்கள். அணி கட்ட வேண்டியதையெல்லாம் கைக்காசு போட்டுக் கட்டியிருந்தார். மூன்று மாதமாகச் சம்பளமும் வரவில்லை. ஆனால் சைக்கிளைத் திருப்பிக் கொடு என்று கடிதம் மட்டும் சரியாக வந்துவிட்டது. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று ஒரு வரி கூட இல்லை.

இந்த விளையாட்டில் பணம் வரும் வழி மிகவும் குறுகல். பந்தயம் பொதுச்சாலையில் நடப்பதால் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. ஒளிபரப்பு வருமானம் போட்டி நடத்துபவருக்குப் போகும். பரிசுப் பணமோ, 2021இல் பிரான்ஸின் புகழ்பெற்ற பாரிஸ்-ரூபே சாலைப் பந்தயம் பெண்களுக்காக முதன்முறையாக நடந்தபோது அதில் வென்ற லிஸி டெய்க்னனுக்கு வெறும் 1,535 யூரோ. ஆண்கள் பந்தயத்தில் முதலிடத்துக்கு 30,000. ஆக, அணி மூச்சுவிடுவதே ஸ்பான்சர் காசில்தான். அணியின் பெயர்கூட அவர்களுடையதுதான். அவர்கள் விலகினால் பெயர், பேருந்து, மெக்கானிக் வேலை எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

பிரான்ஸின் ஓத்ரே கோர்தோன்-ராகோ 2022இல் நாட்டின் சாம்பியன். அந்த ஆண்டு பக்கவாதம் வந்து, அதிலிருந்து மீண்டவர். 2023க்காக அவர் சேரவிருந்த புதிய பிரெஞ்சு அணிக்கு ஸ்பான்சர் கிடைக்காமல், டிசம்பரில் எல்லாம் கலைந்தது. அவசரமாக ஸ்பெயினின் ஸாஃப் அணியில் சேர்ந்தார். அங்கேயும் சம்பளம் வரவில்லை. வீராங்கனைகள் ஒவ்வொருவராக வெளியேற, சில மாதங்களில் அந்த அணியின் பதிவும் போனது. நாட்டின் சாம்பியனுக்கே இந்தக் கதி என்றால், இருபது வயதில் முதல் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, பெண்களின் உலகத் தொடர் அணிகளுக்கு, அதாவது முதல் நிலை அணிகளுக்கு, 2020இல் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 15,000 யூரோவில் தொடங்கி 2023இல் 32,102க்கு உயர்ந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஸாஃப் போன்ற, அதற்குக் கீழ்நிலையில் உள்ள கான்டினென்டல் அணிகளுக்கு இந்த விதி பொருந்தாது. பெரும்பாலான பெண்கள் தொடங்குவதே அங்கேதான்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா, அல்லது போடுவதாகச் சொல்லியிருக்கிறாரா? அறிவிப்பு விழா, புது ஜெர்சி, புகைப்படம் எதுவும் இதற்குப் பதில் ஆகாது. அப்புறம், சம்பளத் தேதியும் செலவைத் திருப்பித் தரும் கெடுவும் எழுத்தில் இருக்க வேண்டும். அணி சம்பளம் தராவிட்டால் வீராங்கனைகளுக்குக் கொடுப்பதற்காகத் தாக்கல் செய்திருக்கும் வங்கி உத்தரவாதம் எவ்வளவு என்றும் விசாரியுங்கள். அதிலிருந்து பணம் கோரக் காலக்கெடு உண்டு. “அடுத்த வாரம் போட்டுவிடுவோம்” என்ற மேலாளரின் வார்த்தையை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஒரு மாதச் சம்பளம் தவறினாலே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டால் பந்தயத்தில் இறக்கமாட்டார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தில்தான் மூன்று மாதம் ஓடிவிடுகிறது.

உறையோடு வந்த அந்த வீராங்கனைக்கு உத்தரவாதத் தொகையிலிருந்து இரண்டு மாதச் சம்பளம் கிடைத்தது. ரசீதுகளுக்கு ஒரு காசும் வரவில்லை.