அசனம்: ஊர்ப்பந்திக்கு ஒரு பெயர்

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கிறிஸ்தவக் கோயில் பண்டிகை நோட்டீஸைக் கையில் எடுத்தால், ஆராதனை, பவனி, பாட்டுப் போட்டி என்று வரிசையாகப் போய்க் கடைசிப் பக்கம் ‘அசனம்’ என்று ஒரு சொல் நிற்கும். வெளியூர்க்காரருக்கு அது சட்டென்று பிடிபடாது. ‘ஆசனம்’ என்பதில் சுழி விட்டுப்போன அச்சுப்பிழை என்று நினைப்பவர்களும் உண்டு. நாசரேத், முதலூர், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடிப் பக்கத்து ஆளுக்கோ விளக்கமே வேண்டாம். மும்பையில் கடை வைத்திருப்பவர் கிறிஸ்துமஸுக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு ஊர் வந்து சேருவார்.

அசனம் என்பது சபையார் எல்லோரும் சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் பொதுச் சாப்பாடு. பெரும்பாலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி நடக்கும். வரி கட்டும் குடும்பங்கள் போக, ஒருவர் கிடா நேர்ந்து விட்டிருப்பார், இன்னொருவர் அரிசி மூட்டை இறக்குவார், வேறொருவர் தோட்டத்துத் தேங்காய் வரும். கோயில் வளாகத்தில் கோட்டையடுப்பு வெட்டி, முந்தின நாளே வேலை தொடங்கிவிடும். உள்ளி உரிக்கவும் காய் நறுக்கவும் ஒரு கூட்டம், கறி வெட்ட ஒரு கூட்டம், பெரிய அண்டாக்களில் சோறு வடிக்கத் தனியாக ஒரு கூட்டம். வடித்த சோற்றை விரித்த பாயில் மலைபோல் கொட்டி வைப்பார்கள். ஐயர் வந்து (அந்தப் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், சாதிப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஜெபம் பண்ணிய பிறகே முதல் பந்தி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மட்டும் இது நடப்பதில்லை. அதே வட்டாரத்துக் கத்தோலிக்கர்களும் அந்தோணியார் கோயில் திருவிழாவில் ‘அசன விருந்து’ என்று போடுகிறார்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் ‘அச்’ என்ற வேருக்கு உண்ணுதல் என்று பொருள். அதிலிருந்து அசனம், அதாவது உண்ணுதல், உணவு. உட்காருவதைக் குறிக்கும் ‘ஆஸ்’ என்ற வேரிலிருந்து வந்த ஆசனத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது. குழந்தைக்கு முதன்முதலில் சோறூட்டும் சடங்கான அன்னப்பிராசனத்துக்குள் இந்த அசனம்தான் ஒளிந்திருக்கிறது. முன்னால் ஒரு ‘அன்’ சேர்த்தால் அனசனம், உண்ணாமை. இந்திச் செய்திகளில் உண்ணாவிரதப் போராட்டத்தை ‘அன்ஷன்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். தமிழ் நிகண்டுகளில் அசனம் என்றால் வேங்கை மரமும் உண்டு. அது வேறு சொல், அதை இங்கே விட்டுவிடலாம்.

ஆக, வேர்ச்சொல்லில் ‘சேர்ந்து’ என்ற பொருளோ ‘ஊர்’ என்ற பொருளோ துளியும் இல்லை. தனியாகச் சாப்பிட்டாலும் அது அசனம்தான். தெற்கத்திச் சபைகள்தான் அதைச் சுருக்கி, ஊர் கூடி உண்ணும் சோற்றுக்கு மட்டும் பெயராக வைத்துக்கொண்டன. மிஷனெரி காலத்துச் சபைத் தமிழில் வடமொழி தாராளமாகவே புழங்கியது: ஜெபம், பிரசங்கம், ஆராதனை, ஞானஸ்நானம். சாப்பாட்டுக்குப் ‘போஜனம்’ இருந்தும் ஏன் அசனத்தைப் பிடித்தார்கள்? என் கணிப்பு இது: கர்த்தருடைய இராப்போஜனம் என்று அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்துக்குப் போஜனம் போய்விட்டது. பீடத்தண்டையில் வாங்கும் விருந்துக்கும் பந்தலில் உண்ணும் கறிச்சோற்றுக்கும் ஒரே பெயர் வைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

ஆனால் ஆதியில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. முதல் நூற்றாண்டுச் சபைகள் வீடுகளில் கூடி அப்பம் பிட்டதும், வயிறார உண்டதும் ஒரே கூடுகையில்தான். அந்தச் சாப்பாட்டுக்குக் கிரேக்கத்தில் ‘அகாப்பே’ என்று பெயர், அன்பு என்ற சொல்லேதான். தமிழ் வேதாகமத்தில் யூதா நிருபத்தில் (நிருபம் என்றால் கடிதம்) வரும் ‘அன்பின் விருந்துகள்’ இதுதான். கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், கலைந்து போய்த் திரும்பவும் கூடிச் சாப்பிடுகிறார்கள், சாதாரணச் சாப்பாடுதான் என்று எழுதியிருக்கிறார். பிறகு அகாப்பே திருவிருந்திலிருந்து தனியே பிரிந்தது. நான்காம் நூற்றாண்டில் சபைத் தலைவர்கள் கூடிய லவோதிக்கேயா சங்கம் ஆலயத்துக்குள் அந்த விருந்தே கூடாது என்று தடை போட்டது. பிறகு 1727-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் அதைத் திரும்ப எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து மெதடிஸ்டுகளும் எடுத்தார்கள். மொரேவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய அன்பின் விருந்துதான் நம் அசனம் ஆனது என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் விருந்தின் தேநீரும் ரொட்டியும் எங்கே, கிடாக்கறி எங்கே!

தமிழ்நாட்டில் அன்பின் விருந்துக்கு இன்னொரு முகமும் இருந்தது, அவ்வளவு இனிப்பானதில்லை. ஒரே கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்த காலம் அது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு, மற்றவர்களோடு சேர்ந்து உண்ணச் சம்மதிப்பவரே சாதியை விட்டவர் என்று ஒரு அளவுகோல் வைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனெரிகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதாவது, ஒரு பந்தியில் உட்காருவது பரீட்சையாகவே வைக்கப்பட்டது. இன்றைக்கு அசனம் நடக்கும் பல ஊர்களில் சபையார் பெரும்பாலும் ஒரே சமூகத்தார், மாமன் மச்சான் உறவு. அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. அடுத்த தெருக்காரரும், பக்கத்து ஊர் வேறு சமூகத்தாரும், கிறிஸ்தவர் அல்லாதவரும் அதே பாயில் வந்து உட்காரும்போதுதான் அந்தப் பழைய பரீட்சை திரும்ப வருகிறது. பல ஊர்களில் அவர்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

‘பந்திக்கு முந்து’ என்று நம் பழமொழி சொல்கிறது. கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதியது நேர் எதிர்: சாப்பிடக் கூடிவரும்போது ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’. அங்கே வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தின்று குடித்துவிட, வேலை முடிந்து தாமதமாக வந்தவர்கள் பசியோடு நின்றார்களாம். அசனத்தில் விசேஷ விருந்தினருக்கென்று தனி மேசை, தனிச் சாப்பாடு, கூடுதல் கறி என்று ஏற்பாடு செய்யும் சபைகள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பாத்திரத்தோடு வந்து நிற்கும் கிழவிக்குத் தூக்குவாளி நிறைய ஊற்றி அனுப்பும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அது இருக்கும் வரைக்கும் மற்றதைச் சண்டை போட்டுச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

அப்புறம், இதற்கு நல்ல தமிழ் என்ன? பலர் சட்டென்று சொல்வது ‘அன்னதானம்’. அது வடமொழி என்பது ஒரு பக்கம், பொருளே பொருந்தாது. தானத்தில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். அசனத்தில் அந்தப் பிரிவு கிடையாது. கிடா கொடுத்தவரும் வரி கட்ட முடியாதவரும் ஒரே அண்டாச் சோற்றைத்தான் உண்கிறார்கள். ‘சமபந்தி’ அதைவிட நெருக்கம், தென்கோடியில் அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்காரர்கள் நெடுங்காலமாகப் புழங்கும் சொல்லும்கூட. ஆனால் சமம், பந்தி இரண்டுமே வடமொழி வழி வந்தவை. நாகூர் தர்காப் பக்கத்துக் ‘கந்தூரி’ பாரசீகம். சாப்பாட்டு விரிப்பைக் குறித்த சொல், விருந்துக்கும் விழாவுக்கும் ஆகிவந்தது. சங்க இலக்கியத்துப் ‘பெருஞ்சோறு’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது வேந்தன் படைக்குப் போட்ட சோறு, அங்கேயும் கொடுப்பவன் ஒருவன் மேலே நிற்கிறான்.

எனக்குப் பிடித்தது குறளில் இருக்கிறது. ‘பாத்தூண் மரீஇ யவனை’ என்று தொடங்கும் 227-ஆம் குறளில் வரும் பாத்தூண். பாத்து என்றால் பகுத்து. ஊண் என்றால் உணவு. பகிர்ந்து உண்ணும் உணவு. பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஒரே சிக்கல், நோட்டீஸில் ‘மாலை 5 மணிக்குப் பாத்தூண்’ என்று போட்டால் ஒருவரும் இலை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். அதனால் பிற ஊர்க்காரருக்கு எழுதும்போது ‘அன்பின் விருந்து’ என்றோ ‘ஊர்ப்பந்தி’ என்றோ எழுதலாம், பேச்சில் அசனத்தை அப்படியே விட்டுவிடலாம். இவ்வளவு காலமாகக் கறிக்குழம்பில் ஊறிய சொல்லை வடமொழி என்று சொல்லி எடுத்து வீசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘அசன விருந்து’ மட்டும் வேண்டாம். அசனமே உணவுதான், கூட ஒரு விருந்து எதற்கு? ‘அசனம்’ என்று மட்டும் போட்டால் போதும், மணியை மறக்காமல் போடுங்கள்.