பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறவர்களே, முதல் வருஷத்து லேபை வீணாக்காதீர்கள்

போன வாரம் எடுத்த இன்டர்வியூவிலும் அதே கதைதான். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி முடித்த பையன், எல்லாப் பேப்பரிலும் நல்ல மார்க். "கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டில் இருக்கு, ஒரு லிட்டர் 0.1 நார்மல் (கரைசலின் செறிவைச் சொல்கிற அளவு) கரைசல் வேணும், எவ்வளவு எடுப்பீங்க தம்பி?" என்று கேட்டேன். 100 மில்லி என்றான். பாட்டிலில் இருப்பது சுமார் 12 நார்மல், எடுக்க வேண்டியது எட்டரை மில்லிதான். சரி, பதற்றத்தில் கணக்கு தவறும். ஆனால், செய்த கரைசல் 0.1 தானா என்று எப்படி உறுதி செய்வீங்க என்றால் அதற்கும் பதில் இல்லை. சோடியம் கார்பனேட்டை எடை போட்டுக் கரைத்து, அதோடு இந்த ஆசிடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து, அதாவது டைட்ரேட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். புதுச்சேரியில் மருந்து கம்பெனி க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேபுக்கு ஆள் எடுக்கிற எனக்கு, நல்ல பிள்ளைகளை இப்படித் திருப்பி அனுப்புவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"அது ப்ளஸ் டூவில் படிச்சதுதானே சார், ஜெனரல் கெமிஸ்ட்ரி" என்கிறார்கள். எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இதுதான். மோலாரிட்டி, பி.ஹெச்., பஃபர், சமநிலை, எத்தனை தசம இடம் வரை எழுதலாம் என்பது, இவைதான் லேபில் காலை முதல் மாலை வரை கையில் புழங்குகிறவை. 0.1 மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட் 0.2 நார்மல் என்று சட்டென்று தோன்றாதவர் கையில் ஒரு மருந்தின் பேட்சை எப்படி ஒப்படைப்பது? கண்டுபிடித்தவர் பெயரில் வழங்கும் நேம் ரியாக்ஷன் மறந்தால் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீர்த்தல் கணக்கு தப்பினால் அன்றைய ரிசல்ட் மொத்தமும் தப்பு.

அப்புறம் அந்த ரெக்கார்ட் நோட்டு. தோராயமாக முதலில் எடுக்கிற ரஃப் ரீடிங் உட்பட எல்லா வரிசையிலும் 10.0, 10.0, 10.0 என்று எழுதியிருக்கும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற பியூரெட்டைத் தொட்டவர் அப்படி எழுத மாட்டார், அது சீனியரிடம் விடையை வாங்கிக்கொண்டு பின்னாலிருந்து போட்ட கணக்கு. கல்லூரியில் இதற்கு மார்க்கூட கிடைத்துவிடும். இங்கே ஹெச்.பி.எல்.சி. (மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கிற கருவி) சாஃப்ட்வேர் யார், எந்த நேரத்தில், எந்த சாம்பிளைச் செலுத்தினார், எதை மாற்றினார் என்று ஒவ்வொன்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும். நோட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால்கூட ஒற்றைக் கோடு போட்டு, பழைய எண் தெரியும்படி விட்டு, காரணமும் கையெழுத்தும் தேதியும் எழுத வேண்டும். ஒயிட்னர் லேபுக்குள் வரவே கூடாது. ரீடிங்கை இட்டுக்கட்டினது தெரிந்தால் வேலை போய்விடும், ஆய்வுக்கு வருகிறவர்கள் அதன்பின் அந்த லேபின் எந்தத் தாளையும் நம்ப மாட்டார்கள். அதனால் தப்பாக வந்தாலும் வந்ததையே எழுதுங்கள் பிள்ளைகளே, ஏன் தப்பாக வந்தது என்று மாஸ்டரிடம் கேளுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள். ஆசிடைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிடில் ஊற்றாதீர்கள்.

பெற்றோர்களுக்கு. "கெமிஸ்ட்ரி படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்று கேட்காதீர்கள். அதற்கே பி.எட்., தகுதித் தேர்வு என்று தனிப் பாதை இருக்கிறது. நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள், புதுச்சேரி மருந்து கம்பெனிகள், நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பாய்லருக்குப் போகும் தண்ணீரில் சிலிக்கா பார்க்கிற லேப், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் சாற்றின் பிரிக்ஸ் (கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவற்றின் அளவு) பார்க்கிற லேப், எல்லா இடத்திலும் கெமிஸ்ட் வேண்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை, ஷிஃப்டும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கருவிகளை நன்றாகக் கற்றுக்கொண்டவரை நல்ல லேப் விடாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மேலே படிக்கிற எண்ணம் இருந்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இரண்டும் பஸ் தூரம்தான். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசி வருஷம் முடிந்த பிறகு கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். மூன்றாம் வருஷம் சேர்ந்த உடனே தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.