நாணயம் சுண்டிக் கிடைத்த நிரூபணம்

நல்லூர்ப் பக்கம் ஒரு கலியாண வீடு. பந்தியில் 6 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 3 பேர் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அல்லது 3 பேர் ஒருவரையொருவர் தெரியாதவர்களாக இருப்பார்கள். இரண்டில் ஒன்று கட்டாயம்.

மாப்பிள்ளையின் மாமாவை எடுப்போம். மற்ற 5 பேரில் குறைந்தது 3 பேரை அவருக்குத் தெரியும், அல்லது குறைந்தது 3 பேரைத் தெரியாது. தெரியும் என்றே வைப்போம். அந்த மூவரில் யாரேனும் இருவர் அறிமுகமென்றால் மாமாவோடு மூவர் ஆயிற்று. ஒருவரும் அறிமுகமில்லையென்றால் அந்த மூவரே போதும். தெரியாத பக்கமும் இப்படித்தான்.

நால்வர் வேண்டுமென்றால் கூட்டத்தில் 18 பேர் வேண்டும். ஐவருக்கோ, 43 முதல் 46 வரை என்ற அளவுக்குத்தான் கணிதம் நெருங்கியிருக்கிறது. எத்தனை பேரைக் கேட்டாலும் போதிய பெரிய கூட்டத்தில் கிடைப்பார்கள் என்று நிறுவியவர் பிராங்க் ராம்சே. அந்தக் கட்டுரை வெளிவந்த 1930 இலேயே, 26 வயதில் இறந்துபோனார்.

1947 இல் ஹங்கேரியரான போல் ஏர்டிஷ் இதை மறுபக்கமிருந்து பார்த்தார். 100 விருந்தினர். எல்லோரும் தெரிந்த பத்துப்பேரோ, எல்லோரும் தெரியாத பத்துப்பேரோ அதில் இல்லாமல் இருக்க முடியுமா?

அவருடைய வழி நாணயம் சுண்டுவது. 100 பேரில் 4,950 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் ஒருமுறை சுண்டுங்கள். பூ விழுந்தால் தெரிந்தவர்கள், தலை விழுந்தால் தெரியாதவர்கள். பத்துப்பேருக்குள் 45 சோடிகள். அத்தனையும் ஒரே பக்கம் விழும் நிகழ்தகவு ஏறத்தாழ 17.59 இலட்சம் கோடியில் 1. சரி, 100 பேரில் பத்துப்பேர்க் குழுக்கள் எத்தனை? சுமார் 17.31 இலட்சம் கோடி. ஆகவே ஒரு முழுச் சுண்டலில் அப்படி அமையும் குழுக்கள் சராசரியாக 0.98.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு ஒழுங்கையில் வீட்டுக்குச் சராசரி 0.98 கிணறு என்றால், கிணறில்லாத வீடு ஒன்றாவது இருக்கத்தானே வேண்டும்? அதேபோல், அப்படியொரு குழுவே இல்லாத சுண்டல் ஒன்றாவது உண்டு. "அநேகமாக" என்ற பேச்சே இல்லை, இது முழு நிரூபணம். எந்தச் சுண்டல் என்று மட்டும் அது காட்டித் தராது.

உயர்தர இணைந்த கணிதத்தில் சேர்மானத்தை ஒரு பாடமாகவும் நிகழ்தகவை இன்னொரு பாடமாகவும் படித்தபோது, இரண்டும் சேர்ந்து இப்படி வேலை செய்யும் என்று நான் நினைத்ததில்லை. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் 6 பேரில் நால்வர் என்று வைத்துத் தாங்களே செய்து பார்க்கலாம். 15 குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 32 இல் 1.