பயத்லான் ‘இரட்டைப் போட்டி’ அல்ல

பனிக்கால ஒலிம்பிக் வந்தால் போதும், பனியில் சறுக்கிப் போய் இடையிடையே துப்பாக்கியால் குறிசுடும் பயத்லானைத் தமிழில் ‘இரட்டைப் போட்டி’ ஆக்கிவிடுகிறார்கள். எந்த இரண்டு? படிப்பவருக்கு டென்னிஸ் இரட்டையர்தான் நினைவுக்கு வரும்.

‘பை’ என்பது இரண்டைக் குறிக்கும் லத்தீன் முன்னொட்டு. ‘அத்லான்’ கிரேக்கத்தில் போட்டிப் பரிசு. அவ்வளவுதான். சறுக்கும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மூலமே மொட்டையாக இருக்கையில், அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் வேறென்ன கிடைக்கும்? ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த டூயத்லானும் இதே ‘இரண்டு’தானே, அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

‘இரட்டை’ என்றதும் இரண்டு போட்டிகளைத் தனித்தனியே நடத்திப் புள்ளிகளைக் கூட்டுவதுபோல் தோன்றுகிறது. நடப்பது வேறு. குறைந்தது 3.5 கிலோ துப்பாக்கியை முதுகில் சுமந்து, மேடேறி மூச்சிரைக்க வருகிறவர், 50 மீட்டர் தள்ளியிருக்கும் 5 கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுட்டால் இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்றால் 115. குண்டு பட்டால் வட்டம் வெள்ளையாகும். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கத்தும். துரத்தல் பந்தயத்தில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அரை நிமிடம் முன்னால் வந்தவர் கடைசிச் சுடுதலில் இரண்டைக் கோட்டைவிட்டு அங்கே சுற்றிக்கொண்டிருப்பார். பின்னால் வந்தவர் போய்க்கொண்டே இருப்பார். சறுக்கின் வேகம் சுடும் கையைக் கெடுக்கிறது. பார்க்கிற சுகமே அதில்தான் இருக்கிறது. ‘இரட்டை’ அந்தப் பகையைத்தான் மறைக்கிறது.

நார்வேக்காரர்கள் ‘சறுக்குச் சுடுதல்’ என்று பொருள்படும் தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் அதையே திருப்பிப் போட்டு ‘சுடும் சறுக்கு’ என்கிறார்கள். நாம் ‘சுடுசறுக்கு’ என்றால் சுடுசோறு மாதிரி ஆகிவிடும். எனவே பனிச்சறுக்குச் சுடுதல். தலைப்பில் இடமில்லையென்றால் சறுக்குச்சுடுதல். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் விளையாட்டுப் பக்கத்தில் பழகிய சொற்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ‘பனி என்றால் மார்கழிப் பனியும்தானே, வெண்பனி என்க’ என்பார் உண்டு. பனிச்சறுக்கு என்று கேட்டு யாரும் புல்நுனியைத் தேடுவதில்லை, விடுங்கள்.

விளையாட்டை ஒருமுறைகூடப் பார்க்காமல் அகராதியைப் புரட்டிப் பெயர் வைக்கிற பழக்கம்தான் இதற்கெல்லாம் வேர். சறுக்குச்சுடுதல் பிடிக்காதவர்கள் பயத்லான் என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. இரட்டைப் போட்டி மட்டும் வேண்டாம்.