ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது: மலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் அங்கே சுமார் 58 செ.மீ. பாதரசம்தான். அதனால் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இருந்தும் பல மாணவர்களின் செய்முறை நோட்டில் 100 என்றுதான் இருக்கும். வெப்பமானி 93 காட்டியிருந்தாலும், பாடநூலில் உள்ள எண்ணையே எழுதிவிடுகிறார்கள். "தெர்மாமீட்டர் சரியில்லை" என்று ஆசிரியரே சொல்லிவிடுவதும் உண்டு. கண்ணால் பார்த்ததைவிட அச்சில் இருப்பதே உண்மை என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். மலைப் பகுதியில் அறிவியல் ஆசிரியர் பயிற்சி முதலில் சரிசெய்ய வேண்டியதும் இதைத்தான்.

பெரும்பாலான பயிற்சிகளில் கருத்தாளர் திரையில் காட்டுவார், ஆசிரியர்கள் குறிப்பெடுப்பார்கள். மாநில அளவில் சொல்லப்பட்டது மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி வருவதற்குள் செய்முறை உதிர்ந்துபோய், திரையில் காட்டும் ஸ்லைடு மட்டும் மிஞ்சும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சியை வலியுறுத்துகிறது. மணிக்கணக்கைக் காணொளி பார்த்தும் நிரப்பிவிடலாம். ஆனால் பீக்கரைக் கையில் எடுக்காத ஆசிரியர் வகுப்பிலும் எடுக்க மாட்டார்.

கொதிநிலைச் சோதனையையே அரை நாள் பயிற்சியாக நடத்தலாம். இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு தொகுதி போதும்: 250 மி.லி. பீக்கர், 150 மி.லி. தண்ணீர், முக்காலி, கம்பி வலை, ஸ்பிரிட் விளக்கு, 110 டிகிரி வரை அளக்கும் ஆய்வக வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டால் உடைந்துவிடும். முதலில் பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் வெப்பமானியை நிறுத்திப் பாருங்கள். 0-க்குப் பதில் 1 காட்டினால் பின்னால் வரும் அளவிலிருந்து அந்த 1-ஐக் கழிக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு முடிந்த பிறகு "கருவி கோளாறு" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தவறுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். வெப்பமானியின் குமிழ் பீக்கரின் அடியைத் தொட்டால் அளவு கூடும். அடியிலிருந்து 2 செ.மீ. மேலே தொங்க வேண்டும். தண்ணீர் சூடேறும்போதே எழும் சிறு குமிழிகள் கரைந்திருந்த காற்று. அதைக் கொதி என்று எண்ணிவிடுகிறார்கள். வெப்பமானியை வெளியே தூக்கிப் படித்தால் மலைக் குளிரில் அளவு சட்டென்று இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து, தொடர்ந்து நான்கைந்து முறை எண் மாறாமல் நின்றால் அதுதான் கொதிநிலை.

300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். எனவே குன்னூரில் 94-ஐ ஒட்டியும், கூடலூரில் 96, 97 அளவிலும் வர வேண்டும். ஒவ்வொரு குறுவள மையமும் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் மையம்) தன் ஊரில் அளந்த எண்ணை அனுப்பினால், உயரம் ஒரு அச்சிலும் கொதிநிலை மறு அச்சிலுமாக மாவட்டத்துக்கே ஒரு வரைபடம் கிடைக்கும். சொந்தத் தரவில் வரைந்த அந்த வரைபடத்தை எந்தப் பாடநூலும் தராது.

சமவெளியை மனதில் வைத்து எழுதிய மற்ற சோதனைகளும் மேலே வந்தால் மாறும். டிசம்பர் குளிரில் பச்சைப்பயறு முளைக்க ஒரு வாரம்கூட ஆகலாம். பத்து விதைகளை அடுப்படியிலும் பத்தை வெளித் திண்ணையிலும் வைத்தால் அந்தத் தாமதமே பாடமாகிவிடும். அவசரமென்றால் பட்டாணி, அது குளிரிலும் முளைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகும். ஊட்டியில் பெரும்பாலும் உறைந்தே இருப்பதால் நிலைமாற்றத்துக்கு அதைவிட எளிய பொருள் வேண்டாம்.

இலையின் பச்சை நிறத்தை ஆல்கஹாலில் நீக்கி, அதிலுள்ள மாவுச்சத்தைக் காட்டும் சோதனையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். தேயிலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று அதைப் பறிக்காதீர்கள். தடித்த இலை, நிறம் எளிதில் போகாது. வீட்டு முன் வளரும் ஜெரேனியம் இலை நல்லது. ஆல்கஹாலை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, வெந்நீர் பாத்திரத்துக்குள் ஆல்கஹால் சோதனைக்குழாயை நிறுத்த வேண்டும். குளிரில் வெந்நீர் சீக்கிரம் ஆறும்; இரண்டு முறையாவது மாற்ற நேரிடும். குளிருக்காக அடைத்த ஜன்னல்களை அந்த நேரம் திறந்துவிடுங்கள், ஆல்கஹால் ஆவி தேங்கினால் தீப்பிடிக்கும். மணல் வாளியும் ஈரச் சாக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

களப் பயணத்துக்கு ஊட்டி அருகே முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அதை, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காக அமைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 டிகிரி என்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. கோணமானி, நூல், கல் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை ஆசிரியர்கள் ஓர் இரவில் அளந்துவிட்டால், அதுவும் அட்சரேகையை ஒட்டியே வருவதால், இந்தக் கணக்கு மறக்காது.

ஒரு நாள் பயிற்சியோடு விட்டால் பயனில்லை. மூன்று நான்கு வாரம் கழித்து, ஆசிரியர்கள் தம் மாணவர்களின் நோட்டுகளோடு மறுபடி கூட வேண்டும். திருத்தப்படாத எண்கள், வராமல் போன சோதனைகள் ஆகியவற்றைத்தான் அங்கே மேசையில் வைக்க வேண்டும். இடையில் ஆசிரியர் பயிற்றுநர் வகுப்புக்குப் போனால், பதிவேடு கேட்காமல் கூட நின்று உதவட்டும். ஆய்வு என்று தெரிந்தால் ஆசிரியர் நன்றாக வரும் சோதனையை மட்டுமே காட்டுவார்.

இடமும் காலமும் சின்ன விஷயமல்ல. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் 50 கி.மீ.; ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கிளம்பினால் எல்லா வகுப்பும் மற்றவர் தலையில். எனவே பயிற்சியைக் குறுவள மையத்திலேயே வைப்பது நல்லது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை வலுக்கும். வெளியில் செய்ய வேண்டியவற்றை ஜனவரி, பிப்ரவரிக்கு ஒதுக்குங்கள். அப்போது புல்லில் உறைபனியும் கிடைக்கும், தெளிந்த வானமும் கிடைக்கும்.