மிஷின் சரி, காதுக்குள் போவது சரியா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மாமியாருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். கடையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து எல்லாம் கச்சிதம் என்கிறார்கள். அவரோ 'சத்தம் கேக்குது, பேச்சு புரியல' என்கிறார். இ.என்.டி. டாக்டரிடம் போனால், காதுக்குள் குழாய் விட்டு அளந்து பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறார். கருவியைச் சோதிப்பதை விட்டுவிட்டுக் காதை ஏன் அளக்க வேண்டும்?"

வயதானால் முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகள். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக இருப்பதால் காதில் விழுந்துவிடும். மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. பத்து, சத்து, கத்து மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். ஆடியோகிராம் எடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறை என்று பார்த்து, அந்த இடத்தில் மிஷின் ஒலியைக் கூட்டித் தர வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

பலருக்கும் தெரியாதது, மிஷின் எந்த ஒலியை எவ்வளவு கூட்டுகிறது என்று கடைக்காரர் கம்ப்யூட்டரில் காட்டும் கோடு பெரும்பாலும் அளந்த கோடு அல்ல, கணக்குப் போட்ட கோடு என்பது. மிஷினைத் தொழிற்சாலையில் 2 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள உலோகக் குழிக்குள் ஒலிக்கவிட்டு அளப்பார்கள். அதிலிருந்து ஒரு 'சராசரி' காதில் எவ்வளவு கேட்கும் என்று மென்பொருள் யூகித்துக்கொள்ளும். மாமியாரின் காது அந்தச் சராசரிக்குக் கட்டுப்பட்டதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மோல்டால், அதாவது காதுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பானால், அடைத்த காதில், மோல்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கியிருப்பது துளியூண்டு காற்று. அந்த இடத்தின் கொள்ளளவு பாதியானால் அதே ஒலிபெருக்கி ஏற்படுத்தும் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபல் கூடும். சின்னக் குழந்தையின் காதில் அதே மிஷின் பெரியவர் காதைவிட ஓங்கி ஒலிப்பது இதனால்தான்.

அப்புறம், திறந்த காதுக்கென்று ஒரு சொந்த சுருதி உண்டு. குழாயடியில் குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் கீச்சென்று ஏறுமே, அதே கதைதான். காற்றுத் தூண் குறுகினால் சுருதி ஏறும். பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். அது 2,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை 15 டெசிபல் அளவுக்குத் தானாகவே கூட்டிக் கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்தச் சுருதி 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். மோல்டைச் செருகினால் இந்த இலவசப் பெருக்கம் போய்விடும். மிஷின் முதலில் அதை ஈடுகட்ட வேண்டும், அதற்குமேல்தான் உதவி.

ஆகவே அளக்க வேண்டியது செவிப்பறை வாசலில். மெல்லிய சிலிக்கோன் குழாயை மிஷினோடு சேர்த்து உள்ளே விடுகிறார் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் சோதிக்கும் நிபுணர். அதன் வெளிமுனையில் மைக். உள்முனை செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டருக்குள் போக வேண்டும். ஏன் இந்தக் கறார்? செவிப்பறையில் பட்டுத் திரும்பும் ஒலி, உள்ளே வரும் ஒலியோடு மோதுகிறது. 6,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.7 சென்டிமீட்டர், அதில் கால்வாசித் தூரத்தில், அதாவது செவிப்பறையிலிருந்து 14 மில்லிமீட்டரில், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். குழாய் அங்கேயே நின்றால் மைக்கில் ஒலி குறைவாகப் பதிவாகும். 'போதவில்லை' என்று ஆடியாலஜிஸ்ட் கூட்டி வைப்பார். வீட்டுக்குப் போன பாட்டி, பாத்திரம் உரசினாலே மிஷினைக் கழற்றிவிடுவார். ஒரு சென்டிமீட்டர் பிசகுக்கு இவ்வளவு!

குழாய் நின்றதும், எதிரே ஒலிபெருக்கியில் மெதுவான, சாதாரண, ஓங்கிய குரல்களை ஒலிக்கவிடுவார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் பதிவு வேடிக்கையானது. ஆறு மொழிப் பெண்கள் ஒரே கதையைப் படிக்க, அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கலந்திருக்கிறார்கள். பேச்சு மாதிரியே இருக்கும், ஒரு வார்த்தை புரியாது. அந்த ஆறில் தமிழ் இல்லை. பாதகமில்லை, நீண்ட நேரப் பேச்சில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் பங்கு மொழிக்கு மொழி பெரிதாக மாறுவதில்லை. திரையில் இலக்குக் கோடும் (ஆடியோகிராமின்படி காதில் எவ்வளவு ஒலி வேண்டும் என்பது) அளந்த கோடும் ஒட்டி வரும்வரை மிஷினைத் திருத்துவார்கள்.

சரி, இதில் டாக்டர் எதற்கு? கோடு ஒட்டாமல் அடம்பிடித்தால் காரணம் காதிலேயே இருக்கலாம். அழுக்கு குழாய்முனையை அடைத்திருக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதின் காற்றும் சேர்ந்துகொண்டு, தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் குறையும். சீழ்க்காதுக்கு எலும்பைக் குடைந்து அறுவை செய்தவர்களுக்கு உள்ளே ஒரு குகையே இருக்கும். அங்கே சராசரிக் கணக்கு செல்லாது. இன்னும் சீழ் வடியும் காதை மோல்டால் அடைப்பதே தப்பு. எலும்பு வழி ஒலி கடத்தும் மிஷின்தான் பொருந்துமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஓட்டைக் காதில் ஊற்றும் வைத்தியத்தை, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், நான் ஆதரிக்க மாட்டேன்.

முகாம் போட்டு இலவச மிஷின் கொடுக்கும் படம் பேப்பரில் வருகிறது. அதை மறுபடி அளந்து திருத்தும் கருவிக்கும் ஆளுக்கும் காசு ஒதுக்கினால் படம் வராது. மிஷின் கொடுப்பது பாதி வேலைதான் என்பது என் கட்சி.

வாசகிக்கு: டாக்டர் சொன்னபடி அளந்துவிடுங்கள். கடலூரில் வசதி கிடைக்காவிட்டால், பாண்டிச்சேரிக்குக் கிளம்பும் முன் இப்படிக் காதுக்குள் அளக்கும் 'ரியல் இயர்' சோதனை உண்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மிஷினோடு மோல்டையும் பழைய ஆடியோகிராமையும் எடுத்துப் போங்கள். கோடு ஒட்டிய பிறகும் பேச்சு புரியவில்லை என்றால் வார்த்தைகள் எவ்வளவு புரிகின்றன என்று பார்க்கும் பேச்சுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். உள்காது நரம்பணுக்கள் ரொம்பச் சிதைந்திருந்தால் ஒலியைக் கூட்டுவதால் தெளிவு வராது. ஒரு பக்கக் காது மட்டும் திடீரென்று அடைத்துப்போனால் மிஷின் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், அதற்கான மருந்து தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.