வாய்தாவை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். மீன் வியாபாரம். சரக்கு கொடுத்த வகையில் வந்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது, கேஸ் போட வேண்டும் என்றார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பேங்கில் கொடுத்த ரிட்டர்ன் மெமோ எங்கே என்று கேட்டேன். போட்டோ எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூரப் போட்டுவிட்டாராம். சரி, போட்டோ எங்கே? துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கும்போது போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. "எல்லாம் அதிலதான் கெடந்தது சாரே" என்றார். மெமோ எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்றாவது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சனிக்கிழமை. எந்தச் சனிக்கிழமை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

செக் கேசில் தேதிதான் உயிர். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கையில் கிடைத்ததிலிருந்து பணம் தர 15 நாள். அதற்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கணக்கு இவ்வளவுதான், ஆனால் முதல் தேதி தெரியாவிட்டால் மற்ற எதையும் எண்ண முடியாது. பேங்கில் எழுதிக் கேட்டுத் தேதியை வாங்கியபோது 34 நாள் ஆகியிருந்தது. நல்லவேளை, செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம் முடிய இன்னும் 11 நாள் பாக்கி இருந்தது. அந்த 3 மாதத்துக்குள் செக்கை மறுபடியும் பேங்கில் போடலாம், மறுபடி திரும்பினால் அதை வைத்துப் புதிதாக நோட்டீஸ் விடலாம். அப்படித்தான் செய்தோம். அந்த 11 நாளும் கடந்திருந்தால் அவருக்குப் பணம் கேட்டு சிவில் கேஸ் போடுவதுதான் வழி, அதுவும் கோர்ட் ஃபீஸ் கட்டி, எப்போது முடியும் என்று தெரியாமல்.

ஒரு நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "இன்று மெமோ வாங்கினேன்" என்று தேதி போட்டு ஒரு வரி.

நாகர்கோவில் கோர்ட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மேசையில் டைரியைப் பார்த்துவிட்டு, வருகிற இளவயதுக்காரர்கள் "இந்தக் காலத்திலும் டைரியா சார், போனில் போட்டால் அதுவே மணி அடிக்குமே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மணி அடிக்கும், உண்மை. ஆனால் வக்கீல் டைரி என்பது மணி அடிப்பதற்காக வைத்துக்கொள்கிற சாமான் இல்லை. நாளுக்கு ஒரு பக்கம், இடது ஓரத்தில் முன் வாய்தா, அதாவது கேஸ் போன தடவை கோர்ட்டுக்கு வந்த தேதி, அப்புறம் கோர்ட், கேஸ் நம்பர், வாதி பிரதிவாதி பெயர், கேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கடைசியில் அடுத்த வாய்தா. கோர்ட்டில் தேதி சொன்னதும் இன்றைய பக்கத்தில் அதை எழுதுவோம், சாயங்காலம் அந்தத் தேதிக்குரிய பக்கத்தைப் புரட்டி அங்கே கேஸ் நம்பரை ஏற்றுவோம். இந்த இரண்டாவது வேலையை ஒரு நாள் விட்டால்கூட அந்தக் கேஸ் டைரியிலிருந்தே காணாமல் போய்விடும். அதனால் தினமும் கோர்ட் முடிந்து வந்ததும் குமாஸ்தா கேஸ் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், நான் ஏற்றுவேன், அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் போன் எடுப்பதில்லை. ஒரே நாளில் நாகர்கோவிலில் இரண்டு, பத்மநாபபுரத்தில் ஒன்று, குழித்துறையில் ஒன்று என்று வாய்தா விழுந்தால், பக்கத்தைத் திறந்த உடனே நெருக்கடி கண்ணில் படும், யாரை எங்கே அனுப்புவது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடலாம். போனிலும் அந்த நான்கும் இருக்கும்தான். ஆனால் எனக்கு அது ஒரு பக்கமாகத் தெரிவதில்லை, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் ஒரு காலத்தில் டைரியை விட்டுப் போனுக்கு மாறியவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாறினேன் என்றால் முழுதாக மாறவில்லை, அதுதான் தப்பு. பழைய கேஸ்கள் டைரியில், புதியவை போனில், சில வாய்தாக்கள் கட்டின் மேலட்டையில் பென்சிலில் மட்டும். அப்புறம் போனை மாற்றினேன். பழைய போனில் குறித்தவற்றில் ஒரு பகுதி அந்தப் போனுக்குள்ளேயே சேமித்ததாம், புதியதற்கு வரவே இல்லை. வராதது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அருமனைப் பக்கத்து அம்மா ஒருவரின் பாகப்பிரிவினை வழக்கு, தென்னந்தோப்பு சம்பந்தப்பட்டது, கூப்பிட்டபோது யாரும் ஆஜராகவில்லை என்று தள்ளுபடி ஆகிவிட்டது. அதை மறுபடி கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். போட்டோம், எடுத்தும் கொடுத்தார்கள், ஆனால் அந்த அம்மாவிடம் நான் இதைச் சொல்ல வேண்டி வந்த நாள் இருக்கிறதே, அவர் என்னைத் திட்டவே இல்லை. பையிலிருந்து ஒரு தினசரி காலண்டர் தாளை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்து, "அடுத்த தேதிய இதில எழுதித் தாங்க சார், நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அன்றைக்கே திரும்பவும் டைரி வாங்கினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு விதிதான். பத்திரத்துக்கு மூலம் ஒன்று, மற்றதெல்லாம் நகல். குறிப்புக்கும் அப்படித்தான். எது மூலம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மூலத்தில் ஏறாமல் நகலில் எதுவும் ஏறக்கூடாது. எனக்கு நோட்டு மூலம், போன் நகல். உங்களுக்குப் போன்தான் மூலம் என்றால் அதுவும் சரி, ஆனால் எல்லாமே அதில் இருக்க வேண்டும், அது வேறொரு இடத்திலும் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். பாதி இதில் பாதி அதில் என்று வைத்திருப்பவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, கடன், ஒற்றி, வாடகை, சீட்டு என்று பணம் கைமாறுகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்போது, நடந்த சமயத்திலேயோ உடனடியாக அதன் பின்னோ நீங்கள் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள சட்டம் அனுமதிக்கிறது. ஒழுங்காக எழுதி வருகிற கணக்குப் புத்தகமும் சாட்சியத்தில் எடுபடும், ஆனால் அதை மட்டும் வைத்து இன்னொருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது, கூடவே வேறு ஆதாரம் வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பார். என்ன பார்ப்பார்? மையைத்தான். ஒரு வட்டி கேசில் வந்த நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது: பதினோரு மாதக் கணக்கு, எல்லாம் ஒரே நீல மை, ஒரே அழுத்தம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, ஒரு எண்ணெய்க் கறை இல்லை. ஒரே உட்காரலில் எழுதியது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அதில் உண்மையான வரவுகளும் இருந்திருக்கலாம், எதையுமே யாரும் நம்பவில்லை. இதற்கு நேர்மாறாக வடசேரியில் காய்கறி விற்கிற அக்கா ஒருவரின் நோட்டு. மூன்று விதப் பேனா, மழையில் ஊறிய மூலை, ஒவ்வொரு தவணைக்கும் பக்கத்தில் வாங்கியவரின் சுருக்கொப்பம். அந்தச் சுருக்கொப்பம் போடாமல் பணத்தைக் கையிலிருந்து விடமாட்டாராம். அந்தத் தகராறு கோர்ட்டுக்கே வரவில்லை, நோட்டைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு பேசித் தீர்த்துக்கொண்டது.

போனில் இருக்கிறதும் சாட்சியம்தான், இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, சட்டத்தில் சொன்ன படிவத்தில் சான்றிதழ் வேண்டும், அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் பூர்த்தி செய்ய வேண்டும். அதனால் முக்கியமான மெசேஜ் இருக்கிற போனை விற்றுவிடாதீர்கள், பழசானாலும் வைத்திருங்கள்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் காகிதத்தின் ஆயுளை நான் தினமும் பார்க்கிறேன். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், அதனால் பழைய சொத்து வழக்குகளில் கொல்லம் ஆண்டு என்கிற மலையாள வருஷக் கணக்கு போட்ட ஆவணங்கள் இன்றும் வருகின்றன. 1112 என்று இருந்தால், ஆண்டின் முன்பகுதிக்கு, அதாவது ஆவணி முதல் மார்கழி நடு வரை, 824-ஐக் கூட்டுங்கள், மீதி மாதங்களுக்கு 825-ஐ. ஆக 1936 அல்லது 1937. அந்தக் காகிதத்தை இன்றும் விரித்து வாசிக்கலாம். பத்து வருஷத்துக்கு முந்தைய என் போன் சார்ஜே ஏறுவதில்லை.

ஆனால் காகிதத்துக்கும் எமன் உண்டு, நம் ஊர் ஈரமும் கரையானும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன்கள் செத்துக் கிடந்தன, டைரி மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை செய்தது. அதே புயலில் ஓடு பறந்து கேஸ் கட்டு, நோட்டு எல்லாம் கூழாகிப்போன வீடுகளும் உண்டு. அதனால்தான் நகல் வேண்டும் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம், அந்த வாரம் எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், பலவற்றின் மை ஈரம் பட்டால் ஓடிவிடும், பால்பாயின்ட் போதும். தாள் கிழிக்க முடியாத தைத்த நோட்டாக வாங்குங்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தால் அதில் என்ன இருந்தது என்றுதான் முதல் கேள்வி வரும்.

போனின் பெரிய உதவி வேறு. இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற ஆப் இலவசம். உங்கள் வழக்குக்கு சிஎன்ஆர் என்று 16 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், தமிழ்நாட்டு வழக்கென்றால் டிஎன் என்று ஆரம்பிக்கும். அதைப் போட்டால் அடுத்த வாய்தா, எந்தக் கட்டம், முந்தைய தேதிகள் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம், வக்கீலையோ குமாஸ்தாவையோ கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சில நாள் ஆப்பில் தேதி ஏற லேட் ஆகும், அதனால் கோர்ட்டில் காதால் கேட்ட தேதியை அங்கேயே எழுதிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து ஆப்பில் ஒத்துப்பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், எந்த வக்கீலும் அதற்குக் கோபப்படமாட்டார்.

தூத்தூர் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றின் வழக்கை நடத்துகிறேன். வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார். தொடக்கத்தில் வழக்கில் அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், கோர்ட்டிலிருந்து வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் சிக்னல் இல்லாத கடலில் இருக்கிற போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது கரையில் இருக்கிற மனைவியின் நம்பரை மாற்றிக் கொடுத்திருக்கிறோம். அவர் மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை வழக்குக்கு ஒதுக்கிவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி, யார் வந்தார்கள், ஜட்ஜ் என்ன சொன்னார், பஸ்சுக்கு எவ்வளவு செலவு. போன வாய்தாவில் நான் ஒரு தேதியைத் தடுமாறியபோது பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நோட்டை விரித்துக் காட்டினார்.